காவலனா, காலமா?

1986 ஆகஸ்டில் மலேசியர்கள் வாக்களிக்கப் போனபோது நாடு நல்ல நிலையில் இல்லை. முந்தைய ஆண்டு பொருளாதாரம் சுருங்கியிருந்தது. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை முறிந்து விழுந்தது. செம்பனை எண்ணெய் விலையும் சரிந்தது. வேலையில்லாதோர் விகிதம் 8 விழுக்காட்டைத் தாண்டியது. 1977இல் துறைமுகம் திறக்கப்பட்டு, அதைச் சுற்றிக் கப்பல் பட்டறையும் எண்ணெய் ஆலைகளும் எழுந்துகொண்டிருந்த ஜொகூரின் பாசிர் கூடாங்குக்கு அது சோதனைக் காலம். பால்மரக் காட்டை விட்டு ஆலை வேலையை நம்பி வந்த குடும்பங்களுக்கு இன்னும் பெரிய சோதனை. இப்படிப்பட்ட வேளையில் ஆளுங்கட்சிக்கு அடி விழும் என்றுதான் யாரும் கணிப்பார்கள். ஆனால் பிரதமர் மகாதீரின் தேசிய முன்னணி 177 இடங்களில் 148ஐ அள்ளியது.

அடுத்த காட்சி 2018 மே 9 பொதுத் தேர்தல். வேலையின்மை 3.3 விழுக்காடு, முந்தைய ஆண்டின் வளர்ச்சி ஏறக்குறைய 6 விழுக்காடு. வேலை இழந்தவருக்குக் கைகொடுக்கும் காப்புறுதித் திட்டம்கூட அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் கீழ் தொடங்கியிருந்தது. ஆனாலும் தேசிய முன்னணி அரசு கவிழ்ந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய அறுபது ஆண்டுகளில் முதல் முறையாக. பாசிர் கூடாங் நாடாளுமன்றத் தொகுதியில் 2013இல் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தப்பிய தேசிய முன்னணி, இம்முறை கெஅடிலான் கட்சியின் ஹசான் அப்துல் கரீமிடம் அதைப் பறிகொடுத்தது. அதே தொகுதிக்குள் அடங்கும் பெர்மாஸ் சட்டமன்ற இடத்தில் மாநில முதல்வரான மந்திரி பெசார் காலிட் நோர்டினே தோற்றார்.

வேலை போன ஆண்டில் வென்றார்கள். வேலை இருந்த ஆண்டில் தோற்றார்கள்.

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் அந்நாட்டுச் செய்தியாளர்கள் வேலையின்மை எண்ணைப் பஞ்சாங்கம்போல் விரித்துவைத்துக்கொள்வார்கள். 2012 வரை அவர்களிடம் ஒரு வாய்பாடு இருந்தது: ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு, வேலையின்மை 7.2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கையில் எந்த அதிபரும் மறுபடி வென்றதில்லை. அந்த ஆண்டு ஒபாமா 7.8 விழுக்காட்டை ஒட்டிய வேலையின்மையோடு வென்று வாய்பாட்டைக் கெடுத்தார். உண்மையில் அது எப்போதோ கெட்டுப்போன வாய்பாடுதான். 1980இல் கார்ட்டர் தோற்றபோது வேலையின்மை 7.5. 1984இல் ரீகன் 49 மாநிலங்களை வாரிச் சுருட்டியபோதும் 7.2ஐ ஒட்டித்தான், பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கார்ட்டர் காலத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது. ரீகன் காலத்தில் 10.8 வரை போய்த் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. 1936இல் ரூஸ்வெல்ட் வென்றபோது ஆறில் ஒருவருக்கு வேலையில்லை. ஆனால் மூன்றாண்டுக்கு முன் நான்கில் ஒருவருக்கு இல்லாமல் இருந்தது. மக்கள் பார்ப்பது உயரத்தை அல்ல, சரிவை என்று ஆய்வாளர்கள் திருத்திக்கொண்டார்கள். 2024 வந்து அதையும் கலைத்தது. வேலையின்மை 4 விழுக்காட்டை ஒட்டி இருந்தும் ஆளுங்கட்சி தோற்றது, விலைவாசியால். வேலை போவது பத்தில் ஒரு வீட்டில்; விலை ஏறுவது பத்து வீட்டிலும்.

எண்ணைப் பற்றிய இந்த விவாதத்துக்குக் கீழே, எண்ணால் தீராத வேறொரு கேள்வி படுத்திருக்கிறது. வெள்ளீயச் சந்தை லண்டனில் முறிகிறது. எண்ணெய் விலை எங்கோ நிர்ணயமாகிறது. அதற்காகப் புத்ராஜெயாவிலோ வாஷிங்டனிலோ உட்கார்ந்திருப்பவரைத் தண்டிப்பது நியாயமா? தான் செய்யாத வினையின் பயனை ஒருவர் அனுபவிப்பது தகுமா?

கிறிஸ்டோபர் ஏக்கன், லாரி பார்ட்டல்ஸ் என்னும் இரு அமெரிக்க அரசியல் அறிஞர்கள் 2016இல் வெளியிட்ட நூலொன்றில் தகாது என்றே வாதிட்டார்கள். அவர்கள் காட்டிய சான்று புகழ்பெற்றது. 1916 ஜூலையில் நியூ ஜெர்சிக் கடலோரத்தில் சுறா தாக்கி நால்வர் இறந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அந்தக் கடற்கரை வட்டாரங்களில் அதிபர் வில்சனுக்கு வாக்கு குறைந்தது. சுறாவுக்கும் வில்சனுக்கும் என்ன சம்பந்தம்? வறட்சிக்கும் வெள்ளத்துக்கும்கூட மக்கள் இப்படித்தான் ஆள்பவரை உதைக்கிறார்கள் என்றார்கள் அவர்கள். இரண்டாண்டு கழித்து ஆந்தனி ஃபவுலர், ஆண்ட்ரூ ஹால் என்ற வேறு இருவர் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்துவிட்டு, சுறா விளைவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். சுறா போகட்டும். வாக்காளன் குருட்டுத்தனமாகக் கோபப்படுகிறவன் என்ற குற்றச்சாட்டு நின்றுவிட்டது.

தமிழுக்கு இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. தமிழ் இதைக் குற்றமாகவே கருதியதில்லை என்பதுதான் விசேஷம். முறை தவறி ஆளும் மன்னனின் நாட்டில் மழை பெய்யாது என்று திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் சொல்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமனிடம் இதே ஐயத்தை எடுத்துப் பேசுகிறார்: காலம் அரசனை ஆக்குகிறதா, அரசன் காலத்தை ஆக்குகிறானா? ஐயமே வேண்டாம், அரசனே காலத்துக்குக் காரணம் என்பது பீஷ்மரின் தீர்ப்பு. அரசன் முழுமையாக முறை செய்தால் கிருத யுகம், கைவிட்டால் கலி. இன்றைய நிதியமைச்சர் எவரும் இந்தத் தீர்ப்பை ஏற்கமாட்டார். வளர்ச்சி விகிதம் ஏறும்போது மட்டும் ஏற்றுக்கொள்வார்.

ஊழ் என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே வைப்பது? வேலை போனது என் தலையெழுத்து என்று ஒருவர் நம்பினால் அவர் அரசைக் குறை சொல்ல இடமில்லை. பாசிர் கூடாங்கில் ஒரே ஷிப்டில் நிற்கும் மலாய்த் தோழர் ‘ரெசெக்கி’ என்பார். படியளப்பது இறைவன், முதலாளி வெறும் கை. ஆட்குறைப்புக் கடிதம் வாங்கிய இரவில் ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இந்த நம்பிக்கைதான், அதை லேசாகப் பேசக் கூடாது. ஆனால் இதே நம்பிக்கை மேலிடத்துக்கு எவ்வளவு வசதியானது! நற்பேறு பெற்றவர்கள் அந்தப் பேற்றோடு திருப்தி அடைவதில்லை, அதற்குத் தாங்கள் தகுதியானவர்கள் என்ற உறுதியையும் மதத்திடம் கேட்கிறார்கள் என்று மாக்ஸ் வெபர் கவனித்திருக்கிறார். பேறு இல்லாதவனும் அதற்குத் தகுதியானவனே என்பது அதன் மறுபக்கம்.

திருக்குறளின் அடுக்குமுறை இங்கே சிந்திக்க வைக்கிறது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். புரட்டினால் பொருட்பாலின் முதல் அதிகாரம் இறைமாட்சி, அதாவது அரசனின் தகுதி. ஊழின் வலிமையைச் சொல்லி முடித்த கையோடு வள்ளுவர் வேந்தனை அழைத்து நிறுத்துகிறார். ஊழ் பெரிது என்பது வேந்தனுக்கு விடுப்புச் சீட்டு அல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்வார்கள், சொல்லட்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நல்ல நூல்முனை புறநானூற்றின் 35ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் வெள்ளைக்குடி நாகனார். கேட்டவன் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். பாட்டின் பயனையும் பழைய குறிப்பே சொல்லிவிடுகிறது: நிலத்தின் மீதிருந்த பழைய வரிபாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டு போனார் புலவர். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் இயற்கைக்கு மாறானவை நடந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று அவர் அவனிடம் சொல்கிறார். உன் படை வென்ற வெற்றிகூட உழுபவனின் கொழு கிழித்த சாலிலிருந்து விளைந்தது என்றும் சொல்கிறார்.

கவனிக்க வேண்டியது நாகனார் சொல்லாமல் விட்டதை. மழையை நீதான் தடுத்தாய் என்று அவர் சொல்லவில்லை. வள்ளுவரைப் போலவும் பீஷ்மரைப் போலவும் காரண காரியம் பேசவில்லை. உலகம் பழிக்கும், அது உலக இயல்பு. இதை நீ அறிந்தவனானால் உழுகுடியின் சுமையை இறக்கு என்கிறார். வறட்சி மன்னனின் குற்றமல்ல. வறட்சியில் வரி கேட்பது மன்னனின் குற்றம். அமெரிக்க அறிஞர்கள் முட்டுச்சந்தில் நின்ற இடத்தில் இந்தப் புலவர் ஒரு வழி வெட்டியிருக்கிறார்: யார் உண்டாக்கினார் என்பது ஒரு கேள்வி, யார் பதில் சொல்ல வேண்டும் என்பது வேறு கேள்வி.

பிற மரபுகளும் இதே இடத்தைத் தொட்டிருக்கின்றன. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு அரேபியாவில் கொடும் வறட்சி வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று கலீஃபா உமர் விலக்கிவைத்ததாகவும், பஞ்சத்தில் திருடியவனுக்குக் கை வெட்டும் தண்டனையை நிறுத்தியதாகவும் இஸ்லாமிய மரபு நினைவுகூர்கிறது. மழை பெய்யாதது உமரின் பாவம் என்று அந்த மரபு சொல்லவில்லை. பெய்யாதபோது அவர் என்ன செய்தார் என்பதைத்தான் எண்ணிவைத்திருக்கிறது. சீனப் பேரரசர்கள் பஞ்சத்திலும் வெள்ளத்திலும் பழியைத் தம் தலையில் ஏற்று ஆணை வெளியிடும் வழக்கம் இருந்தது. ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் ஸ்ரீ லானாங் 1612இல் செப்பனிட்டதாகக் கருதப்படும் மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் வரும் உடன்படிக்கையும் இவ்வகைதான்: குடிகள் மன்னனுக்குத் துரோகம் செய்வதில்லை, மன்னன் குடிகளை அவமானப்படுத்துவதில்லை, ஒரு பக்கம் மீறினால் மறுபக்கமும் கட்டுப்பட்டதல்ல. அதில் மழையைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாகனாரின் அளவுகோலை 2018க்கு வைத்துப் பார்த்தால் புதிர் பாதி அவிழ்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காட்டு ஜிஎஸ்டி. ரிங்கிட் விழுந்திருந்தது. இன்னொரு பக்கம், அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியிலிருந்து கோடிக்கணக்கில் பணம் போனதாக அமெரிக்க நீதித்துறையே 2016இல் வழக்குப் போட்டது. வேலை இருந்தது என்பது உண்மை. ஆனால் எந்த வேலை, எந்தச் சம்பளம்? கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர் என்பது உலகெங்கும் உள்ள வரையறை. மலேசியப் புள்ளிவிவரத் துறைக்கும் அதுதான். அன்று தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரிங்கிட். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் அந்தக் காசில் பாசிர் கூடாங்கை அடுத்த மாசாயில் வீட்டு வாடகை கட்டி, மோட்டார் சைக்கிள் தவணையும் கட்டுகிறவர் வேலையின்மைப் பட்டியலில் வரவேமாட்டார். அவரிடம் போய் நாடு முழு வேலைவாய்ப்பில் இருக்கிறது என்றால் சிரிப்பார். சாமான் வாங்கிய சீட்டில் வரி தனி வரியாக அச்சாகி வருவதை மட்டும் அவர் மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1986? நாகனார் கைகொடுக்கமாட்டார். எதிர்க்கட்சிகள் சிதறிக் கிடந்தன. ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜசெக) 24 இடம், பாஸ் கட்சிக்கு ஒன்றே ஒன்று. இன வாரியாகப் பிரிந்த அரசியலில் கோபம் ஆளுங்கூட்டணிக்கு வெளியே ஓட வாய்க்கால் இல்லை. அது உள்ளேயே ஓடியது. அடுத்த ஏப்ரலில், கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் தலைவர் தேர்தலில் மகாதீர் 761, அவரை எதிர்த்து நின்ற ரசாலி 718. நாற்பத்து மூன்று வாக்கில் பிழைத்தார், கட்சி பிளந்தது. பொருளாதாரக் கையாளுகை அந்தப் போட்டியின் பெரிய பேச்சுகளில் ஒன்று. பழி இல்லாமல் போகவில்லை, வேறு அறைக்குள் போனது.

அளவுகோல் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது என்று சொன்னால் அது பொய். 2017–18ஆம் ஆண்டு இந்தியாவில் வேலையின்மை 6.1 விழுக்காடு, நாற்பத்தைந்து ஆண்டுகளில் இல்லாத உயரம் என்ற கணக்கு 2019 ஜனவரியில் பத்திரிகையில் கசிந்தது. அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது தேர்தல் முடிந்த பிறகு, மே 31 அன்று. இடையில் புல்வாமா தாக்குதலும் பாலாகோட் வான்தாக்குதலும் வந்தன. ஆளுங்கட்சி 303 இடங்களோடு திரும்பியது. பழியை அடக்குவதற்குப் போர்முரசைப் போல் வேறொன்று இல்லை, இதைப் புறநானூற்றுக் காலத்து அரசர்களும் அறிந்திருப்பார்கள். ஐந்தாண்டு கழித்து, வேலையின்மையே முதல் கவலை என்று வாக்காளர்கள் கருத்துக் கணிப்பாளர்களிடம் சொன்ன தேர்தலில் அதே கட்சி 240க்கு இறங்கியது.

இலங்கையின் கதை வேறு விதமாக உறைக்கிறது. அங்கே தமிழர்களும் வாக்களித்து ஒரு ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவோ இறக்கவோ முடிகிறது. 2015இல் மகிந்த ராஜபக்ச பதவிக்காலம் முடிய ஈராண்டு இருக்கும்போதே தேர்தலை அழைத்தார். நாள் குறித்ததில் அவருடைய சோதிடர் சுமணதாச அபேகுணவர்தனவுக்கும் பங்கு இருந்தது. வேலையின்மை 4 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது, போரில் வென்றவர் என்ற பெயரும் இருந்தது. ஜனவரி 8ஆம் தேதி தோற்றார். கிரகத்தைக் கேட்டவர் குடியைக் கேட்கவில்லை.

2024இல் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் கதை இன்னும் நுட்பமானது. 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டைத் தொட்ட விலையேற்றம் அவர் ஆட்சியில் அடங்கிவிட்டது. எரிபொருள் வரிசைகள் மறைந்தன. வேலையின்மை எண்ணும் தாழ்வாகவே இருந்தது. வறட்சியை உண்டாக்கியவர் அவரல்ல, மழையைக் கொண்டுவந்தவர் என்றே அவர் தரப்பு பேசியது. மக்கள் அவருக்கு 17 விழுக்காட்டு வாக்கு தந்து மூன்றாம் இடத்தில் வைத்தார்கள். நன்றி கெட்டவர்களா? 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 15இலிருந்து 18 விழுக்காடு ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு உள்நாட்டுக் கடன் சீரமைப்பின் சுமை ஊழியர் சேமலாப நிதியின் மீது ஏற்றப்பட்டது. பஞ்சத்தில் யாருடைய படியில் கை வைத்தாய் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தேறவில்லை. வேலையின்மை எண் தாழ்ந்து கிடந்ததற்கும் ஒரு காரணம் உண்டு: 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். போனவரை யார் எண்ணப் போகிறார்கள்?

எண்ணிக்கையிலிருந்து நழுவுகிறவர்கள் பாசிர் கூடாங்கிலும் இருக்கிறார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல நாட்டார் இங்கே ஆலைகளில் நிற்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் பெட்டி கட்டுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆகவே அவர்களின் வேலையிழப்பு எந்த அமைச்சரையும் தொடுவதில்லை. இன்னும் கொடுமை, உள்ளூர் ஆள் வேலை இழக்கும்போது பழி இவர்கள் தலையில் இறங்குகிறது. பெர்மிட் கொடுப்பது அரசு, ஆள் எடுப்பது முதலாளி, ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவன் தொழிலாளி. மூவரில் பலமில்லாதவனைப் பார்த்து ‘வேலையைப் பிடுங்கிட்டான்’ என்கிறோம். மன்னனைப் பழிப்பது மூடத்தனம் என்று சொல்கிற அறிஞர்கள், மன்னனைப் பழிக்காத சமூகம் யாரைப் பழிக்கும் என்பதையும் யோசித்திருக்கலாம்.

மறுபக்கத்தில், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம். கோவிட்டுக்கு முன் நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜொகூர் நீரிணையைக் கடந்தார்கள். அவர்களில் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, மூன்று மடங்கு மதிப்புள்ள வெள்ளிக்காகச் சிங்கப்பூரில் வேலை பார்த்தார்கள். ஜொகூரின் வேலையின்மை தாழ்வாக இருப்பதில் ஜொகூர் அரசுக்கு எவ்வளவு பெருமை, பக்கத்து நாட்டுக்கு எவ்வளவு பெருமை? காரண காரியம் பார்ப்பவர்கள் விடை தேடட்டும். 2018 மே 9 புதன்கிழமையாக இருந்தும் இவர்களில் ஏராளமானோர் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். வாக்குப்பதிவு 80 விழுக்காட்டைத் தாண்டியது.

பிறகு 2020 மார்ச் 18. எல்லை மூடப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் மலேசியாவில் வேலையின்மை 5.3 விழுக்காட்டுக்கு ஏறியது, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலையில்லை. அக்கரையில் இருந்தவர்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயே தங்கினார்கள். ஜொகூர் சட்டமன்றத் தேர்தல் 2022 மார்ச் 12ஆம் தேதி வைக்கப்பட்டபோது, பயண விதிகளும் சோதனைச் செலவும் அவர்களில் பலரைத் தடுத்தன. வெளிநாட்டு மலேசியர்களுக்கான தபால் வாக்கு அப்போது சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாக்களித்தவர்கள் 55 விழுக்காடு அளவே. அலுப்பும் மழையும் தொற்றுப் பயமும் அதில் கலந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய முன்னணி 56 இடங்களில் 40ஐப் பிடித்தது. கடற்பாலம் முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1ஆம் தேதி, வாக்கு எண்ணி மூன்று வாரம் ஆவதற்குள்.